ஏர், விசை, திறன்: பண்ணைப் பொறியியலின் அடிப்படைச் சொற்கள் கடந்து வந்த வழி

வேளாண் பொறியியல் கல்லூரிகளில் பயிற்றப்படும் பாடங்களுள் ஒன்று ‘ஃபார்ம் பவர் அண்ட் மெஷினரி’ என்பது. இப்பெயரைத் தமிழில் எழுத முற்படுவோருக்குப் பண்ணை, இயந்திரங்கள் என்னும் இரு சொற்களும் உடனே கைக்கு வந்துவிடும். ‘பவர்’ என்னுமிடத்தில் எழுதுகோல் நின்றுவிடும். பண்ணைச் சக்தி என்பதா, பண்ணை ஆற்றல் என்பதா, பண்ணைத் திறன் என்பதா, பண்ணை விசை என்பதா? இந்நான்கு சொற்களுக்கும் தமிழில் ‘பவர்’ என்ற பொருளில் ஆட்சி உண்டு. இலங்கைத் தமிழையும் சேர்த்துக்கொண்டால் ‘வலு’ ஐந்தாவதாக வந்து நிற்கும். திருவனந்தபுரத்திலிருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே பணிபுரிவோர் இச்சிக்கலை இன்னும் கூர்மையாக உணர்வர். இங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் நாகர்கோவில் இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் வரை நாஞ்சில் நாடும் இந்நகரும் ஒரே ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. இன்றும் இரு பக்கத்து வயல்களிலும் கொழு கொழுவே, நுகம் நுகமே. ஆனால் ‘சக்தி’ என்ற சொல் எல்லையைக் கடந்தவுடன் பொருள் மாறிவிடுகிறது.

இச்சொற்கள் எவ்வாறு வந்தன, எப்போது பிரிந்தன, அப்பிரிவினால் யாருக்கு என்ன நேர்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஏர் என்னும் அளவு

‘ஏர்’ என்ற சொல்லை அகராதிகள் கலப்பை எனப் பொருள் கொண்டு தொடங்குகின்றன. வழக்காற்றில் அச்சொல் கருவியை மட்டும் குறிப்பதன்று. பூட்டிய இணை மாடுகளும் கலப்பையும் சேர்ந்த முழுமையே ஏர். கலப்பையைத் தோளில் சுமந்து செல்லலாம். ஏரைச் சுமக்க இயலாது, பூட்டவும் ஓட்டவுமே இயலும். மலையாளத்தில் இச்சொல்லின் பொருள் இன்னும் ஒரு படி விலகி மாட்டிணையின் பக்கமே சாய்ந்துவிட்டது. ‘ஓர் ஏர் காளை’ என்றால் அங்கு ஓரிணைக் காளை. ஒரே வேர்ச்சொல் ஓரிடத்தில் கருவியையும் மற்றோரிடத்தில் அதனை இழுக்கும் உயிர்களையும் முதன்மைப்படுத்துவது, தொடக்கத்தில் இரண்டும் பிரிக்கப்படாத ஒரு கருத்தாக இருந்தன என்று கொள்ள இடந்தருகிறது.

இங்கு நம் கருத்தை ஈர்ப்பது, ஏர் ஓர் அளவையாகவும் இருந்தது என்பதே. ஒருவருடைய வேளாண்மையின் பெருக்கத்தை நாலு ஏர்க்காரர், பத்து ஏர் உழவு என்று சொல்வது வழக்கம். நிலத்தின் பரப்பை நாஞ்சில் நாட்டில் கோட்டை விதைப்பாடு என்றும் மலையாளத்தார் பத்துப் பறைக் கண்டம் என்றும் விதையின் அளவால் குறித்தனர். நிலத்தின்மேல் செலுத்தப்படும் வலிமையை ஏரால் குறித்தனர். ‘நாளைக்கு நாலு ஏர் வேண்டும்’ என்னும் தொடரில் ஏர் என்பது வேலை நடக்கும் வீதத்தைக் குறிக்கிறது. ‘நாலு ஏர் உழவு ஆயிற்று’ என்னும் தொடரில் அதே சொல் நடந்து முடிந்த வேலையைக் குறிக்கிறது. பொறியியல் பிற்காலத்தில் இரு வேறு சொற்களால் பிரித்துக் காட்டிய வேறுபாட்டைத் தமிழ் இங்குத் தொடரமைப்பாலேயே காட்டிற்று எனலாம். சொல் ஒன்று என்பதனால் கருத்தும் ஒன்றுதான் என்று முடிவு செய்துவிடலாகாது.

உறுப்புப் பெயர்களிலும் இந்நுட்பம் தெரிகிறது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது மேழி, ஊற்றாணி, நுகத்தடி, நுகத்துளை, நுகத்தாணி, பூட்டுக்கயிறு, கொழு, கொழுவாணி, தாற்றுக்கோல் என உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துப் பாடுகிறது. புலவரின் புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பெயர்களை மட்டும் நோக்கினால், அது இழுவிசை மாட்டின் கழுத்திலிருந்து கொழுவின் நுனிவரை செல்லும் வழியின் வரைபடமாக இருக்கக் காணலாம். ஆணி, துளை, பூட்டு என்பன ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கு விசை மாறும் இடங்கள். கலைச்சொல் ஆக்குவோர் இப்பட்டியலை ஏன் பெரிதும் பயன்படுத்தவில்லை என்பது எனக்கு வியப்பாகவே உள்ளது.

குதிரை வந்த கதை

ஆங்கிலத்திலும் இச்சொற்கள் தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தன என்று கருதுவது பிழை. நெம்புகோல், கப்பி முதலிய எளிய பொறிகளையே ‘பவர்’ என்று அழைத்த காலம் அங்கு உண்டு. ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரங்களை விற்க முற்பட்ட 1780களில், வாங்குவோர் அறிந்த ஒன்றைக் கொண்டு அவற்றை அளந்து காட்ட வேண்டியிருந்தது. செக்கிலும் ஆலையிலும் சுற்றிவந்த குதிரையையே அவர் அளவாகக் கொண்டார். நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்பது அவர் வகுத்த குதிரையின் அளவு. ‘எனர்ஜி’ என்ற சொல்லை இயற்பியற் பொருளில் தாமஸ் யங் ஆண்டது 1807இல். வேலை என்ற கருத்துக்குக் கொரியோலிஸ் பிரெஞ்சில் திட்டமான சொல் வழங்கியது 1829இல். குதிரைத்திறன் பிறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழியும்வரை அதனைச் சூழ்ந்த பிற சொற்கள் நிலைபெறவில்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் நினைவிற் கொள்வது நன்று.

இனி ஒரு சிறு கணக்கு. ஓர் உழவு மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தொடர்ந்து இழுக்கும் என்பது பாடநூல்களின் பொதுவிதி. 350 கிலோ எடையுள்ள இரு மாடுகள் 70 கிலோ அளவுக்கு இழுத்து, மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்கின்றன என்று கொள்வோம். நொடிக்கு 0.83 மீட்டர். பெருக்கினால் 58 கிலோ-மீட்டர் வருகிறது. மெட்ரிக் முறையில் ஒரு குதிரைத்திறன் என்பது நொடிக்கு 75 கிலோ-மீட்டர். ஆகவே ஓர் ஏர் ஏறத்தாழ முக்கால் குதிரைத்திறனுக்குச் சற்று மேல். மாட்டின் எடை கூடினாலோ நடை விரைந்தாலோ ஒன்றை எட்டும். இந்தியப் பாடநூல்கள் ஓரிணை மாட்டின் திறனை ஒரு குதிரைத்திறன் என்று முழுமையாக்கியே வழங்குகின்றன.

வாட் குதிரைக்குச் செய்ததைத்தான் தமிழ் உழவர் மாட்டுக்குச் செய்திருந்தனர் என்று கூறினால் அது மிகைக்கூற்றாகும். வாட் தம் அளவை எண்ணாலும் நேரத்தாலும் வரையறுத்தார். ஏருக்கு அத்தகைய வரையறை இல்லை. மாட்டுக்கு மாடு, மண்ணுக்கு மண் அது மாறும். எனினும் குதிரை பூட்டி உழாத நாட்டில் குதிரையின் பெயரால் திறனை அளக்கும் சொல் வந்து நிலைத்தது என்பதும், அதன் அளவு ஏறக்குறைய ஓர் ஏரின் அளவே என்பதும் சொல்வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியவை.

நீர் இறைப்பில் நேர்ந்த மாற்றம்

இயந்திரத்திறன் தமிழ்நாட்டு வேளாண்மையில் முதலில் நுழைந்தது உழவின் வழியாக அன்று, கிணற்றின் வழியாக. கிணற்றின் நீர்வளத்தை ஒரு கமலைக் கிணறு, இரு கமலைக் கிணறு என்று இறைவையின் எண்ணிக்கையால் சொல்வது வழக்கம். கொங்கு நாட்டில் அது கவலை. கமலை என்பதும் ஓரிணை மாட்டையும் சாலையும் வடத்தையும் ஏற்றச் சரிவையும் ஒருங்கே குறிக்கும் முழுமைப் பெயரே. ஏரைப் போன்ற அமைப்புடையது. நீர் முகக்கும் கலமும் உழவில் விழும் கோடும் ‘சால்’ என்ற ஒரே சொல்லால் வழங்குவதை இடையே சுட்டிச் செல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எந்திரத்தைக் கிணறுகளில் பொருத்தும் முயற்சியை ஊக்கினார். நீர் இறைப்புப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1912இல் வெளிவந்தது. மாட்டுக் கமலையையும் எந்திரத்தையும் ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடும் தேவை இம்முயற்சிகளால் எழுந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் மோட்டாரும் பம்பும் உருவாகத் தொடங்கியதும் அத்தேவையைச் சிற்றூர் வரை கொண்டு சென்றன. மோட்டார், பம்புசெட்டு, எச்.பி. ஆகிய சொற்கள் உழவர் நாவில் பதிந்தன. ‘அஞ்சு எச்.பி. மோட்டார்’ என்று சொல்பவருக்கு எச். என்பதன் விரிவும் பி. என்பதன் விரிவும் தேவைப்படவில்லை. கமலை எண்ணிக்கை இருந்த இடத்தில் எச்.பி. எண்ணிக்கை அமர்ந்தது, அவ்வளவே.

கேரளத்தின் குட்டநாட்டில் சிக்கல் நேர்மாறானது. அங்கு நீரைக் கொண்டுவருவதன்று, கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த வயல்களிலிருந்து நீரை வெளியேற்றுவதே வேலை. காலால் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தால் அதனைச் செய்தனர். சக்கரத்தின் தகடுகளுக்கு ‘இலை’ என்று பெயர். இலைகளின் எண்ணிக்கையைக் கொண்டே சக்கரம் பெயர் பெற்றது. இலை கூடினால் மிதிப்பவர் எண்ணிக்கையும் கூடும். ஆகவே இலை என்பது அங்கு ஒருவகைத் திறன் அளவு. பின்னர் நீராவி எந்திரத்தாலும் எண்ணெய் எந்திரத்தாலும், அதன்பின் மின்மோட்டாராலும் இயங்கிய இறைப்பு அமைப்பு வந்தது. அதற்கு மக்கள் இட்ட பெயர் ‘பெட்டியும் பறையும்’. செங்குத்தாக நிற்கும் உருளை நெல் அளக்கும் பறையைப் போன்றது. நீர் வெளிவரும் பகுதி பெட்டி. அச்சுவழிப் பாய்வு இறைப்பான் என்று நாம் பாடநூலில் எழுதுவதைவிட அப்பெயர் நன்றாக நிலைத்துவிட்டது.

இதிலிருந்து ஒரு பொதுநிலை புலனாகிறது. உழவர் புதுக் கருவிக்கு வடிவத்தால் பெயரிடுகின்றனர். பொறியாளர் பணியால் பெயரிடுகின்றனர். சொல்லாக்கக் குழுவினர் ஆங்கிலப் பெயரைப் பெயர்க்கின்றனர். தமிழ்நாட்டில் வட்டத் தகடுகள் கொண்ட டிராக்டர்க் கலப்பைக்குச் ‘சட்டிக் கலப்பை’ என்ற பெயர் வந்ததும் பெட்டியும் பறையும் வந்த அதே வழியில்தான்.

குழுக்களும் பிரிவுகளும்

தமிழில் அறிவியற் சொல்லாக்கம் திட்டமிட்ட முயற்சியாக உருப்பெற்றது 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தொடங்கிய சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தில் எனலாம். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் ‘கலைச்சொற்கள்’ 1938இல் வெளிவந்தது. 1940இல் அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரியார் குழுவைச் சூழ்ந்து, வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்ற பூசல் வலுத்தது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான வடசொற்களை ஆண்டால் மாணவர் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் செல்லலாம் என்பது ஒரு சாரார் வாதம்.

நம் நான்கு சொற்களை வைத்து இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். இந்தியில் பலம் ‘ஃபோர்ஸ்’, சக்தி ‘பவர்’, ஊர்ஜா ‘எனர்ஜி’. தெலுங்கில் பலம் ‘ஃபோர்ஸ்’தான்; ஆனால் சக்தி ‘எனர்ஜி’; ‘பவர்’ என்பதற்குச் சாமர்த்தியம். மலையாளப் பாடநூல்களில் பலம், ஊர்ஜம் என்பன இந்தியைப் போலவே அமைய, ‘பவர்’ என்பது பவர் என்றே எழுதப்படுகிறது. எனினும் குதிரைத்திறன் மட்டும் ‘குதிரசக்தி’. தமிழ்நாட்டின் பழைய பாடநூல்களிலும் இன்றைய இலங்கைத் தமிழிலும் சக்தி என்பது ‘எனர்ஜி’. ஆக, பொதுச்சொல் என்று போற்றப்பட்ட சக்தி, இந்தியிலும் மலையாளக் குதிரையிலும் ஒன்றைக் குறிக்க, தெலுங்கிலும் தமிழிலும் வேறொன்றைக் குறிக்கிறது. எழுத்து மாறினும் ஒலி ஒன்றாக இருப்பதனால் இப்பிழை கண்ணில் படுவதில்லை. முற்றிலும் வேறுபட்ட சொல்லாயின் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டியிருப்பார்.

தனித்தமிழ்ச் சொற்களை ஆண்ட இடத்திலும் ஒருமை வரவில்லை. தமிழ்நாடு விசை, வேலை, ஆற்றல், திறன் என்று வகுத்துக்கொண்டது. இலங்கை விசை, வேலை, சக்தி, வலு என்று வகுத்துக்கொண்டது. ஒன்றில் குதிரைத்திறன், மற்றொன்றில் பரிவலு. பரி என்னும் செய்யுட் சொல்லை மோட்டாருக்குக் கொண்டுவந்த துணிவு பாராட்டத்தக்கதே.

இங்கு மொழியியல் நோக்கில் ஒரு காரணத்தைக் கூறலாம். ஆற்றல் என்பது ஆற்று என்னும் வினையடியாகப் பிறந்தது; இயலுதல், செய்யவல்லதாதல் என்பது அதன் பொருள். வடமொழிச் சக்தியின் வேர்ப்பொருளும் அதுவே. திறன் என்பதும் வலு என்பதும் அப்பொருள் வட்டத்துக்குள்ளேயே அடங்குகின்றன. அதாவது, ஒன்றன் இயலுமையைக் குறிக்கும் சொற்கள் பல தமிழில் இருந்தன. அவற்றுக்கிடையே நேரத்தால் வகுத்த அளவு எது, மொத்த அளவு எது என்னும் வேறுபாடு சொல்லின் இயற்பொருளில் இல்லை. அவ்வேறுபாட்டைக் குழுவின் ஆணையே சொல்லுக்குள் புகுத்த வேண்டியிருந்தது. ஆணையால் வந்த வேறுபாடு வகுப்பறையில் நிற்கும். வகுப்பறைக்கு வெளியே கரைந்துவிடும். விசை என்ற சொல் மட்டும் இதற்கு விலக்கு. அதன் பழம்பொருளில் வேகமும் உந்துதலும் உண்டு. ஆகவே அது தன்னளவில் வேறுபட்டு நின்றது.

ஆனால் அந்த விசையும் வேறொரு வழியில் நழுவிற்று. விசைத்தறி, விசைப்படகு, விசைத்தெளிப்பான், விசை உழுவை என்னும் தொடர்களை நோக்குக. இவற்றில் விசை என்பது ‘ஃபோர்ஸ்’ அன்று. ஆங்கிலத்தில் இவ்விடங்களில் நிற்பது ‘பவர்’ அல்லது எந்திரத்தால் இயங்குவது என்னும் கருத்து. கையால் ஓடுவது கைத்தறி. கையல்லாத ஒன்றால் ஓடுவது விசைத்தறி. இங்கு ‘பவர்’ என்பது அளவைப் பெயரே அன்று. இயக்கும் மூலத்தின் பெயர். இப்பொருளுக்குத் திறன்தறி என்றோ ஆற்றல்தறி என்றோ எவரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் நின்றிராது. பாடநூற் குழு ஒருபுறம் விசையை ‘ஃபோர்ஸ்’ என்று வகுத்துக்கொண்டிருக்க, அரசுத் துறைகளும் தொழிலாளரும் அதனை ‘பவர்’ என்ற பொருளில் வளர்த்துவிட்டனர். இரண்டும் அவரவர் இடத்தில் சரியே. இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் இடம் பண்ணைப் பொறியியல் நூல். விசை உழுவையின் இழுவிசை என்று எழுதும்போது முதல் விசையும் இரண்டாம் விசையும் ஒன்றன்று என்பதை மாணவர்க்கு யார் சொல்வது?

மின்கட்டணமும் ஒரு சொல்லும்

திறன், ஆற்றல் என்னும் வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதற்குத் தமிழ்நாட்டு மின்கட்டண வரலாறே சான்று. மின்சாரத்தை யூனிட்டால் விற்றால் அது ஆற்றலை விற்பது. ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எச்.பி. கணக்கில் ஆண்டுக் கட்டணம் பெற்றால் அது திறனுக்கு விலை வைப்பது. ஐந்து எச்.பி. மோட்டார் என்பது ஏறத்தாழ 3.7 கிலோவாட். அது நாளொன்றுக்கு மூன்று மணி ஓடினாலும் பத்து மணி ஓடினாலும் எச்.பி. கணக்கில் கட்டணம் ஒன்றே. யூனிட் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபடும்.

1970இல் யூனிட்டுக்கான கட்டணம் உயர்த்தப்பட்டபோது கோவை மாவட்டத்து உழவர் போராடினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. 1972இலும் போராட்டம் தொடர்ந்தது. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் வளர்ந்த உழவர் இயக்கத்தின் வேர் இங்கேதான் உள்ளது. அன்றைய பூசல் யூனிட்டின் விலையைப் பற்றியது. 1984இல் சிறு உழவர்க்குக் கட்டணம் நீக்கப்பட்டு, ஏனையோர்க்கு எச்.பி. அடிப்படையிலான ஆண்டுக் கட்டணம் வந்தது. 1990இல் பம்புசெட்டு மின்சாரம் எல்லா உழவர்க்கும் இலவசமாயிற்று. அளவையின் அலகு மாறியதும் உழவர் மோட்டாரை நோக்கும் முறையும் மாறிற்று. யூனிட் கணக்கில் ஓடும் நேரம் பொருட்டு; எச்.பி. கணக்கில் மோட்டாரின் பருமன் பொருட்டு.

இனி, ஓர் ஒப்பந்தத்தில் ‘மின்சக்திக்கேற்பக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும்’ என்று ஒரு தொடர் இருப்பதாகக் கொள்வோம். தமிழ்நாட்டுப் பழைய வழக்கில் படிப்பவர் இதனை யூனிட் கணக்கு என்பார். மலையாளத்திலிருந்து வருபவர் குதிரசக்தியை நினைத்து எச்.பி. கணக்கு என்பார். இரு பொருளும் தவறென்று சொல்ல இயலாது. வழக்கு மன்றத்தில் இத்தொடரைப் பிரித்துக் காட்ட வேண்டியவர் மொழிபெயர்ப்பாளராகவே இருப்பார். எச்.பி., யூனிட் என்னும் கடன்சொற்களை உழவர் விடாமல் பற்றியிருப்பதற்கு மொழிப்பற்றின்மையைக் காரணம் காட்டுவோர் உளர். அவர்கள் காரணத்தைப் பிறழ உணர்ந்துள்ளனர் என்பது என் கருத்து. அவ்விரு சொற்களும் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. தமிழ்ச் சொற்கள் மயங்குகின்றன.

டிராக்டரின் உறுப்புகள்

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி 1959இல் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றிற்று. ஏரின் உறுப்புப் பெயர்களுள் இதன்பின் நின்றவை எவை, மறைந்தவை எவை என்பது ஒழுங்கற்றதாகவே உள்ளது. மேழியும் நுகமும் பயனிழந்தன. கொழு நின்றது, டிராக்டரின் கொத்துக் கலப்பையில் தேய்ந்து மாற்றப்படும் முனை இன்றும் கொழுவே. ஏர் ஓட்டுதல் என்ற வினை டிராக்டர் ஓட்டுதலுக்கு இடந்தந்தது. பெயர்ச்சொற்களைவிட வினைச்சொல் எளிதில் இடம்பெயர்ந்தது குறிப்பிடத்தக்கது.

டிராக்டர் என்ற சொல்லுக்கு இழுத்தல் என்னும் இலத்தீன் வினை வேர். தமிழ்நாட்டில் இழுவை இயந்திரம் என்பது வேரை ஒட்டிய பெயர்ப்பு. இலங்கையில் உழவு இயந்திரம் என்பது பணியை ஒட்டியது. ஈருருளிச் சிறு வகைக்கு அங்கு ‘லான்ட்மாஸ்டர்’ என்ற வணிகப் பெயரே பொதுப்பெயராயிற்று. கேரளத்தில் 1973இல் அத்தாணியில் நிறுவப்பட்ட காம்கோ நிறுவனத்தின் பொறிகள் பரவியபின் அது டில்லர். தமிழ்நாட்டில் பவர் டில்லர் பேச்சில் ‘டிரில்லர்’ என்று திரிந்து, உழுவது துளைப்பதாயிற்று. பொருள் அறியாத கடன்சொல் தனக்கு அறிமுகமான மற்றொரு கடன்சொல்லின் வடிவை ஏற்பது புதிதன்று.

மொழிபெயர்ப்பாளர் மிகுதியும் இடறுவது ‘பிரேக் ஹார்ஸ் பவர்’ என்னும் தொடரில். இதனைத் தடைக் குதிரைத்திறன் எனப் பெயர்த்தால், வண்டியை நிறுத்தும் திறன் என்றே படிப்பவர் கொள்வர். பிரெஞ்சுப் பொறியாளர் தெ புரோனி 1821இல், சுழலும் தண்டின்மீது ஒரு பிரேக்கை அழுத்தி, அதன் இழுப்பை எடையால் அளந்து எந்திரத்தின் திறனைக் கணித்தார். பிரேக் என்பது அங்கு அளக்கும் கருவி. ஆகவே தண்டில் கிடைக்கும் திறன், சுருக்கமாகத் தண்டுத்திறன் என்பதே கருத்துக்குப் பொருந்துவது. விளம்பரத்தில் 45 எச்.பி. என்று காட்டப்படுவது எந்திரத்தில் கிடைக்கும் திறன். நிமிடத்துக்கு 540 சுற்று என்னும் தரத்தில் பின்புறத் தண்டு வழியே சுழல் கலப்பைக்குச் செல்வது அதனினும் குறைவு. கொக்கியில் இழுக்கக் கிடைப்பது மேலும் குறைவு. சேற்று வயலில் சக்கரம் வழுக்க அது இன்னும் குறையும். இம்மூன்றையும் குதிரைத்திறன் என்று ஒரே சொல்லால் கையேட்டில் எழுதிவிட்டால், கடன் வாங்கி டிராக்டர் வாங்குபவர் தம் சுழல் கலப்பைக்குப் போதாத வண்டியைத் தேர்ந்துவிட நேரும். தண்டுத்திறன், சுழல்தண்டுத் திறன், இழுவைத்திறன் என்று அடை கொடுத்துப் பிரிப்பது கடினமன்று.

ஹாரி ஃபெர்குசன் வகுத்த மூன்று முனைக் கருவி இணைப்பு இன்று பெரும்பாலான டிராக்டர்களில் உள்ளது. அதனை மும்முனை இணைப்பு என்று எழுதுகிறோம். இணைப்பு எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். கலப்பையை மாட்டோடு சேர்ப்பதற்குத் தமிழில் பூட்டுதல் என்னும் தனிவினை இருக்கிறது. மும்முனைப் பூட்டு என்றால் உழவருக்கு விளக்கம் தேவைப்படாது. பூட்டு என்பதற்குக் கதவுப் பூட்டு என்ற பொருளும் உண்டே எனத் தடை கூறலாம். ஏர் பூட்டுபவர் எவரும் இதுவரை கதவை நினைத்ததில்லை.

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி வட்டாரந்தோறும் வேளாண் சொற்களைத் திரட்டி 1962இல் தொழிற்சொற் கோவையின் முதல் தொகுதியாக வெளியிட்டார். தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார அகராதி 1982இலும், பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000த்திலும் வந்தன. இவை எழுத்தாளர் தம் மண்ணின் சொற்களைக் காத்த முயற்சிகள். அவற்றின் மதிப்பு பெரிது. ஆனால் பட்டறைக்காரர், டிராக்டர் ஓட்டுநர், மோட்டார் சுற்றுபவர் ஆகியோர் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் ஆக்கிய சொற்கள் அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. சட்டிக் கலப்பை, கொத்துக் கலப்பை போன்றவற்றை ஆக்கியவர் பெயர் எவருக்கும் தெரியாது. ஆக்கிய தலைமுறையினர் இன்னும் வயலிலும் பட்டறையிலும் இருக்கின்றனர். களப்பணி செய்வோர் நாகர்கோவிலில் ஒரு பட்டறையிலும் நெய்யாற்றின்கரையில் ஒரு பட்டறையிலும் ஒரே டிராக்டரின் உறுப்புகளைக் காட்டிப் பெயர் கேட்டுப் பதிவு செய்தால், இரு மொழிகளின் பாடநூற் குழுக்களும் பிரித்து வைத்த சொற்களுள் எவை எல்லையின் இருபுறமும் இன்னும் ஒன்றாகவே வழங்குகின்றன என்பது தெரியவரும்.